சேவல் விடுதியின் சாம்பல் தடம்

ஹாலின்ஸ் மேட்டில் இப்போது நாற்பத்திரண்டு செங்கல் வீடுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. கொல்லையில் நாலு வெங்காயம் போடலாம் என்று மண்ணைக் கிளறும் புதுக் குடித்தனக்காரர்கள், ஒரு சாண் தோண்டுவதற்குள் கறுப்பாகச் சாம்பல் வருவதைப் பார்த்துக் கண்டபடி ஏசுகிறார்கள். ஏசட்டும். அந்தச் சாம்பலைக் கொட்டியவன் நான்தான். இருபத்தைந்து வருஷம் மில் கொதிகலன் அடியிலிருந்து கழுதை வண்டியில் அள்ளிவந்து, சலித்து, உருளை போட்டு உருட்டி, மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை பல்லுவைத்த வாரியால் இழுத்து, ஓடுகிறவன் கால் வழுக்காத தடமாக வைத்திருந்தேன். என் பெயர் நேத்தன் டெட்லோ. இதைத் தவிர உருப்படியாக நான் வேறொன்றும் செய்ததில்லை. இதிலும் கடைசியில் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மைதானம் பஞ்சம் பெற்ற பிள்ளை. அமெரிக்காவில் யாரோ யாருடனோ சண்டை போட, பஞ்சு மூட்டை வராமல் எங்கள் மில்கள் மூடின. அந்த வருஷம் எங்கள் ஊர் மதுக்கடையான சேவல் விடுதியின் பழைய முதலாளி பக்லி, விடுதிக்குப் பின்னால் கிடந்த சரிவு நிலத்தைப் பிரபுவின் எஸ்டேட்டிடம் இருபத்தைந்து வருஷக் குத்தகைக்கு எடுத்தார். வேலையில்லாத அறுபது பேர் மண்வெட்டியோடு இறங்கினோம். கூலி என்று பார்த்தால் மத்தியானம் ஒரு கிண்ணம் பட்டாணிக் கஞ்சியும் பொழுது சாய ஒரு குவளை பீரும்தான். எனக்கு அப்போது இருபது வயசு. பசியோடு நிரவிய நிலம் என்பதாலோ என்னவோ ஒரு பக்கம் கடைசிவரை சரிவாகவே இருந்தது. கிரிக்கெட் ஆடிப் பார்த்தார்கள். பந்து உருண்டு உருண்டு கோழிக்கூண்டுப் பக்கமே போனது. மல்யுத்தம் நடந்தது. இரும்பு வளையம் எறிந்தார்கள். முயலை விட்டு நாயை விரட்டவைத்தார்கள். ஜெபக்கூடத்துப் போதகர் வாசலில் நின்று நரகத்தைப் பற்றிப் பேசினார். பேசி முடித்துத் தொண்டை காய்ந்தவருக்கு பக்லியே தண்ணீர் கொடுத்தனுப்பினார். அப்புறம் ஓட்டம் வந்தது, மற்றதையெல்லாம் தின்றுவிட்டது. நாலு சுற்று ஓடினால் ஒரு மைல் வருகிற மாதிரி தடம் போட்டோம். சுற்றிலும் ஆளுயரப் பலகை அடைப்பு, ஒரு பக்கம் மரப்படி மேடை. பெரிய பக்லி போனபின் மகன் ரூபன் முதலாளியானார்.

எங்கள் ஊர்ப் பந்தயம் எப்படி என்றால், ஓல்டமிலிருந்து ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். யார் வேகம், யார் மந்தம் என்று அதில் எழுதி வைத்திருப்பார். வேகக்காரன் கோட்டிலிருந்தே ஓட வேண்டும். மந்தமானவனை அவனவன் மந்தத்துக்குத் தக்கபடி முப்பது கஜம், அறுபது கஜம், நூறு கஜம் என்று முன்னால் தள்ளி நிறுத்துவார். ஆக, எங்கள் ஊரில் ஓடத் தெரிந்தவன் முதலில் கற்றுக்கொள்வது தோற்பதைத்தான். வருஷக்கணக்கில் தோற்று, நோட்டுப் புத்தகத்தில் மந்தன் என்று பேர் வாங்கி, நல்ல தூரம் முன்னால் இடம் கிடைத்ததும் ஒருநாள் ஓடிக் காட்டுவான். அந்த ஒருநாளில் அவனை நம்பிப் பணம் கட்டியவன் வீட்டில் ஐந்து வருஷத்துக்கு அடுப்பு எரியும். வெளியூர்க்காரன் இதை ஏமாற்று என்பான். எங்களுக்கு இது தொழில்.

ரூபனுக்கு ஒரே மகள், தெர்சா. அவள் கட்டிக்கொண்டது ஆமோஸ் கெர்ஷாவை. ஒல்லியானவன், அதிகம் பேசமாட்டான். மில்லில் பஞ்சு சீவும் அறையில் வேலை. அந்த அறையில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது, அவ்வளவு தூசி பறக்கும். கல்யாணமான ஆறாம் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், மூடுபனிக்குள், யாருக்கும் தெரியாமல் ரூபன் அவனை ஒரு மைல் ஓடவிட்டுப் பார்த்தார். கடிகாரம் அவர் கையில், வாரி என் கையில். நான்கு நிமிஷம் இருபத்தேழு நொடி. ரூபன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், நின்றுபோய்விட்டதோ என்று.

"நேத்தா, நீ எதையும் பாக்கல."

"இந்தப் பனியில நான் என்னத்தப் பாக்க, முதலாளி?"

அவர் இடது கண்ணைச் சிமிட்டினார். அவருக்கு அது ஒரு வழக்கம். வாயால் சொல்ல முடியாத எதையும் அந்தக் கண்ணால் சொல்லிவிடுவார்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. குத்தகை முடிய இரண்டு வருஷம்தான் பாக்கி. வீடு கட்டி விற்கிற ஒருவன் அந்த நிலத்துக்காக எஸ்டேட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். மார்ச் மாசம் மாதா திருநாளுக்குள் மொத்தமாக ஒரு பெரிய தொகை கட்டினால் குத்தகை நீளும், இல்லாவிட்டால் மைதானம் போகும். மைதானம் போனால் அந்த மேட்டில் ஒரு குவளை பீருக்காக யார் ஏறி வருவான்? விடுதியும் போகும். ரூபனிடம் இருந்த ஒரே சொத்து ஆமோஸின் கால். இரண்டு வருஷம் அவனைத் தோற்கவைத்து, சாம்பல் புதனுக்கு முந்தின திங்களில் நடக்கும் பெரிய பந்தயத்தில் அவிழ்த்துவிடுவது என்பது திட்டம்.

"நான் வேலைய விட்டுட்டுப் பயிற்சி எடுக்கட்டுமா, மாமா?" என்று ஆமோஸ் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"நல்லா கேட்டான் பாரு! வேலைய விட்டா ஊருக்கே தெரிஞ்சு போகும். நீ பாட்டுக்குத் தூசில நில்லு. பஞ்சுத் தூசி தின்னுறவன் எங்க ஜெயிக்கப் போறான்னு அந்த நோட்டுப் புத்தகக்காரன் நினைக்கணும். அதான் நமக்கு வேணும்."

முதல் வருஷம் ஆமோஸ் தோற்றது கலை. அதை நான் தடத்தில் படித்தேன். நிஜமாக ஓடுகிறவன் பாதத்தின் முன்பக்கம் மட்டும் சாம்பலில் பதியும், குதிகால் படாது. அடக்கி ஓடுகிறவன் குதியை ஊன்றி ஊன்றி ஓடுவான். மேலே உடம்பு பாய்கிற மாதிரி இருக்கும், கீழே குதி பிரேக் போடும். பந்தயம் முடிந்து நான் வாரி இழுக்கும்போது சுற்று முழுக்க ஆமோஸின் குதித் தடம் குழி குழியாக இருக்கும். துப்புப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் அதை உடனே அழிப்பதும் என் வேலைதான்.

இரண்டாம் வருஷம் வேனில் வந்தபோது அவன் இன்னும் அழகாகத் தோற்றான். மூன்றாம் சுற்றில் வாயைப் பிளந்து, விலாவைப் பிடித்து, கடைசியில் அடைப்புப் பலகையில் சாய்ந்துகொண்டு இருமுவான். மேடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரூபனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியாடா என் மருமவன? இருமலு கூட போடுறான்! இத நான் சொல்லிக் குடுக்கல. தானாக் கத்துக்கிட்டான், கெட்டிக்காரப் பய."

அன்று மாலை விடுதியின் பின்கட்டில் தெர்சா உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட தட்டகலப் பணியாரத்தை எல்லோருக்கும் வெட்டி வைத்தாள். ஆமோஸ் தொடவில்லை.

"மாமா, ஒரு விஷயம்."

"சொல்லு ராசா."

"நான் இன்னைக்கு அடக்கி ஓடல. முடிஞ்ச மட்டும் ஓடினேன். நெஞ்சுக்குள்ள பஞ்சு மூட்டைய வச்சு அமுக்கின மாதிரி இருக்கு."

ரூபன் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இதான்! இப்படித்தான் இருக்கணும்! வீட்டுக்குள்ளயும் விடாத. சுவத்துக்கும் காது இருக்கு. என்கிட்டயே இப்படிச் சொல்றேன்னா வெளிய எப்படிச் சொல்லுவ!"

"அப்பா, அவரு நிஜமாத்தான் சொல்றாரு" என்றாள் தெர்சா.

"நீயுமா? நல்லது. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே பாட்டுப் பாடுங்க. அப்பத்தான் ஊரு நம்பும்."

ஆமோஸ் என்னைப் பார்த்தான். நான் பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

ஜனவரி கடைசியில் ரூபன் இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். மறுபடியும் ஞாயிறு, மறுபடியும் விடியல், ஆனால் பனி அவ்வளவு இல்லை. கீழ்க்கோடியில் அடைப்புப் பலகை ஒன்று பெயர்ந்திருந்தது. ஆமோஸ் ஓடத் தொடங்கினான். இரண்டாம் சுற்றில் மூச்சு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அறுக்கிற ரம்பத்தின் சத்தம் மாதிரி. ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. ரூபன் முகம் சுண்டிப்போய் நின்றார். அப்போது பெயர்ந்த பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு தொப்பி குனிந்து ஓடுவதைப் பார்த்தோம். யாரோ துப்புப் பார்க்க வந்தவன்.

ரூபனுக்கு உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் ஆமோஸின் தோளைக் கட்டிக்கொண்டார்.

"நீ அவன மொதல்லயே பாத்துட்ட! அதான் அடக்கிட்ட! அட என் தங்கமே!"

ஆமோஸ் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்திருந்தான். பேச்சு வர நேரம் பிடித்தது.

"யாரு? நான்... யாரையும் பாக்கலயே."

"பாக்கல, பாக்கல. சரி. நானும் பாக்கல" என்று ரூபன் கண்ணைச் சிமிட்டிவிட்டு, அவனைப் போர்வையில் சுற்றி, முட்டை கலந்த பீர் கொடுக்க உள்ளே கூட்டிப் போனார்.

நான் வாரியை எடுத்துக்கொண்டு தடத்தில் இறங்கினேன். நாலு சுற்றும் பார்த்தேன். குதி எங்கேயும் இல்லை. முன்பாதம் மட்டும், ஒவ்வொரு அடியும் ஆழமாக, உயிரைக் கொடுத்து ஓடியவனின் அடி. கடைசிச் சுற்றில் அடிகளுக்கு நடுவே இடைவெளி குறுகிக்கொண்டே போயிருந்தது. கடைசி வளைவில் அவன் துப்பியிருந்தான். சாம்பல் மேல் வெள்ளையும் சிவப்பும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஒளித்துப் பேச என்ன இருக்கிறது? அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் என்றால், நாலு சுற்றும் வாரியால் இழுத்து, சுத்தமாக அழித்துவிட்டு, கழுதைக்குத் தீனி வைக்கப் போனேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் தெர்சா லாயத்துக்கு வந்தாள். தலையில் போட்டிருந்த சால்வையைக் கழற்றிக்கூட வைக்கவில்லை.

"நேத்தன் அண்ணே, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு."

"என்ன சொல்ல, தங்கச்சி?"

"அவரு படுத்தா மூச்சு விட முடியல. உக்காந்தே தூங்குறாரு. நான் சொன்னா அப்பா கண்ணச் சிமிட்டுறாரு. அம்மா உசுரோட இருந்து சொல்லியிருந்தா கேட்டுருப்பாரு. வைத்தியரக் கூப்பிடலாம்னா, வைத்தியர் வீட்டுக்கு வந்தா கூடுதலா நம்புவாங்க, கூப்பிடு கூப்பிடுன்னு சிரிக்கிறாரு. நீங்க தடத்தப் பாக்குற ஆளு. உங்களுக்குத் தெரியும்ல? அவரு நடிக்கிறாரா, இல்லையா? சொல்லுங்க."

அவள் அழுதாள். நான் கழுதையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பொய் சொல்லுகிறவன் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

"தடத்தப் பாத்து அதெல்லாம் சொல்ல முடியாது தங்கச்சி. நான் பேசிப் பாக்குறேன்."

பேசவில்லை. ஏன் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டாயிற்று. மைதானம் போனால் என் சோறு போகும் என்பது ஒன்று. இன்னொன்றைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. அவள் போன பிறகு எனக்கு ஒரு எண்ணம் வந்தது: ஒருவேளை இவளும் நடிக்கிறாளோ? அந்தச் சிவப்பு, கன்னத்தைக் கடித்துத் துப்பியதோ? முன்பாதத்தால் ஓடியதுகூட, தடம் படிக்கிற என்னையே ஏமாற்றவோ? இருபத்தைந்து வருஷம் அந்தத் தொழிலில் கிடந்தவன் புத்தி அப்படித்தான் போகும். அவள் அழுகையை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் என் கைக்காசை ஆமோஸ் மேல் கட்டினேன்.

பந்தயத் திங்களன்று பனி கலந்த தூறல். அன்று எங்கள் வீடுகளில் பன்றி இறைச்சித் துண்டும் முட்டையும் வறுப்பது வழக்கம். மேடு முழுக்க அந்த வாசனை. பெரி, ராச்டேல் என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து, மூவாயிரம் பேருக்குக் குறையாமல் அடைப்புக்குள் நின்றார்கள். வேக வைத்த கறுப்புப் பட்டாணி விற்கிறவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஆமோஸுக்கு நூற்றிருபது கஜம் முன்னால் இடம் கிடைத்தது. அவனுக்கும் முன்னால் நின்றது ஒரே ஒரு கிழட்டுத் தபால்காரன்.

ரூபன் புதுக் கழுத்துத்துணி கட்டி மேடையின் முதல் படியில் நின்றார். தெர்சா அடைப்போரம், என் பக்கத்தில்.

"பேசினீங்களா அண்ணே?"

"பேசினேன்."

"என்ன சொன்னாரு?"

துப்பாக்கி வெடித்தது. நான் பதில் சொல்லத் தேவையில்லாமல் போனது.

முதல் சுற்று ஆமோஸ் நன்றாகவே ஓடினான். தபால்காரனைத் தாண்டி முதல் ஆளாக வந்தான். பழைய ஆமோஸ் மாதிரியே இருந்தது. ஒரு நிமிஷம், கடவுள் மன்னிக்கட்டும், நான் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் சுற்றில் தலை ஆடத் தொடங்கியது. மூன்றாம் சுற்றில் வாயைப் பிளந்து விலாவைப் பிடித்தான். பின்னால் வந்தவர்கள் ஒருவர் ஒருவராகத் தாண்டினார்கள்.

கூட்டம் சிரித்தது. ரூபனின் ரகசியம் எப்படியோ கசிந்து, அவனை நம்பிக் காசு கட்டியவர்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

"ஏய், இன்னைக்குமா நாடகம்?"

"சும்மா இருடா, கடைசிச் சுத்துல பாரு வேடிக்கைய!"

"இருமலக் காணோமே, இருமலு எங்கப்பா?"

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. ரூபன் தொப்பியை எடுத்து ஆட்டினார்.

"போதும்டா நடிச்சது! இப்ப ஓடு! இப்ப ஓடுறா!"

ஆமோஸ் அந்தக் குரலைக் கேட்டான். மேடைப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஓடினான். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவன் ஓடினான். நடப்பவன்கூட அவனைத் தாண்டிவிடலாம் போல இருந்தது, ஆனால் அவன் ஓடிக்கொண்டுதான் இருந்தான். கடைசி வளைவில் முகம் குப்புற விழுந்தான்.

அதற்கும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கைதட்டு நின்றது. அப்புறம் ஒருவன் "பக்லி நம்மள வித்துட்டான்டா!" என்று கத்தினான். அவ்வளவுதான். அடைப்பு சரிந்தது. மேடைப் பலகையைப் பிய்த்தார்கள். கூட்டத்தில் பாதி தடத்தில் இறங்கியது. விழுந்து கிடந்தவனை ஒருவன் பூட்ஸால் புரட்டினான்.

"எந்திரிடா நாடகக்காரா! எம்புட்டு வாங்கின, சொல்லு!"

இன்னொருவன் அவன் முகத்தில் பீரை ஊற்றினான். தெர்சா பாய்ந்துபோய் அவன் மேல் விழுந்து மறைத்தாள். "தொடாதீங்க! அவரத் தொடாதீங்கடா!" என்று அவள் கத்திய கத்தலில்தான் நாலு பேர் பின்வாங்கினார்கள். அவர்களிலும் ஒருவன் போகிறபோது, "இவ அவனவிட நல்லா நடிக்கிறா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

ரூபன் மெதுவாக நடந்து வந்தார். கழுத்துத்துணியை யாரோ பிய்த்திருந்தார்கள். மகளுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, மருமகன் காதருகே குனிந்து, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார்:

"மருமவனே, பந்தயம் முடிஞ்சு போச்சு. எல்லாரும் போறாங்க. இனிமே எந்திரிக்கலாம்ப்பா."

ஆமோஸ் முகமெல்லாம் என் சாம்பல். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

பத்தொன்பது நாள் கிடந்து செத்தான். அடக்கத்தன்று ராச்டேல்காரன் ஒருவன் வந்து, பெட்டியின் மூடியை ஒரு தடவை திறந்து காட்டச் சொன்னான். காட்டினோம். பார்த்துவிட்டு, "மெழுகுல செஞ்சு வச்ச மாதிரி இருக்கு" என்றான். மாதா திருநாளன்று எஸ்டேட் ஆட்கள் வந்தார்கள். அடுத்த வாரம் செங்கல் வண்டி வந்தது. விடுதி வேறு ஆள் கைக்குப் போனது.

ஓட்டக்காரர்கள் ஊர் மாறிப் பேர் மாற்றி ஓடுவது எங்கள் பக்கத்தில் சகஜம். அதனால் பேச்சு கிளம்ப ஆறு மாசம்கூட ஆகவில்லை. ஆமோஸை ஷெஃபீல்டில் பார்த்தேன் என்றான் ஒருவன், தாடி வளர்த்திருக்கிறானாம். வேல்ஸில் தாமஸ் என்ற பேரில் ஓடுகிறான் என்றான் இன்னொருவன். இந்தப் பேச்சு ரூபன் காதுக்கும் போனது.

இரண்டு வருஷம் கழித்து அதே திங்களன்று ரூபனும் தெர்சாவும் இருந்த வீட்டுக்குப் போனேன். மேட்டின் நாற்பத்திரண்டு வீடுகளில் அவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது கடைசி வளைவு இருந்த இடத்து வீடு. தெர்சா மில்லுக்குப் போகிறாள். வேறெங்கும் இடமில்லை என்று பஞ்சு சீவும் அறையிலேயே போட்டார்கள். அவளுக்கும் இருமல் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணே, அன்னைக்கு எனக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லி, இறைச்சித் துண்டும் முட்டையும் வறுத்து, தனக்கு வைத்திருந்ததில் பாதியை என் தட்டில் வைத்தாள்.

ரூபன் அடுப்போரம் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தக் கடிகாரம். என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"நேத்தா. இந்தத் தடவ நூத்தம்பது கஜம் குடுப்பானுங்க. பய நல்லா இருக்கான். யாருகிட்டயும் மூச்சு விடாத."

"தினம் இதேதான்" என்றாள் தெர்சா. "கல்லறைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். கல்லப் பாத்துட்டு நல்ல வேலைப்பாடுங்கறாரு. நீங்க ஒரு தடவ சொல்லுங்க அண்ணே. உங்க பேச்ச நம்புவாரு. உண்மையச் சொல்லுங்க."

அவள் வைத்த தட்டு எனக்கு முன்னால் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"முதலாளி, ஆமோஸ் செத்துட்டான். அவன் நடிக்கல. அன்னைக்கு விடிகாலைல ஓடவிட்டுப் பாத்தோமே, அன்னைக்கே எனக்குத் தெரியும். தடத்துல குதியே இல்ல. நாலு சுத்தும் முன்பாதம்தான். ரத்தம் துப்பியிருந்தான். நான்தான் வாரியால இழுத்து அழிச்சேன். தங்கச்சி வந்து கேட்டப்பவும் சொல்லல. உங்ககிட்ட நான் பேசவே இல்ல."

ரூபன் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து இடது கண்ணைச் சிமிட்டினார்.

"ரொம்ப நல்லா வருது, நேத்தா. வெளியயும் இப்படியே சொல்லு."

தெர்சா எழுந்து வந்து, என் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.